காதுக்குப் பின்னால் இரண்டு புள்ளி

ஸ்வர்ணலதாவுக்கு ஓரிடத்தில் உட்காரவே தெரியாது. ஆரணியில் கிரணின் பட்டுப்புடவைக் கடை சனிக்கிழமைதோறும் போனில் லைவ் போடும். அதில் புடவையைத் தோளில் போட்டுக் காட்டுகிறவள் அவள்தான். மூன்று வருஷமாக அதுதான் அவள் வேலை, கௌரவம் எல்லாம். வயசு நாற்பத்தெட்டு. இரண்டு கன்னத்திலும் பழுப்புத் திட்டாக மங்கு ஏறிக் கிடந்தது. கிரண் வாயைத் திறக்கும்வரை அதை அவள் சட்டையே செய்ததில்லை.

"அக்கா, புது கேமராவுல எல்லாம் பளிச்சுனு தெரியுது. தீபாவளிக்குள்ள மூஞ்சிக்கு ஏதாச்சும் பண்ணிக்கோங்க. இல்லன்னா சென்னையிலேர்ந்து ஒரு பொண்ணு வரேன்னு சொல்லிகினு இருக்குது."

அன்றைக்குப் பிடித்தது பேஜார். மறுநாளே புருஷன் வீரபாகுவை இழுத்துக்கொண்டு வேலூர் பஸ் ஏறிவிட்டாள்.

தோல் டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். "ரெண்டு வழி இருக்கும்மா. ஒண்ணு லைட், பளிச்சுனு வெளிச்சம் அடிச்சுக் கருப்பை எடுக்கறது. வெள்ளைத் தோலுக்குச் சீக்கிரம் கேட்கும். நம்ம தோல்ல இருக்கற நிறமே அந்த வெளிச்சத்தை இழுத்துக்கும், சுட்டுப் புதுசா கருப்பு விழலாம். இன்னொண்ணு லேசர். சூடு கம்மியா வெச்சு மெதுவாப் பண்ணணும். ஆறு மாசம் ஆகும், அப்பவும் மங்கு திரும்பி வராதுன்னு சொல்ல முடியாது."

ஆறு மாசமா! தீபாவளிக்கு இரண்டு மாசம்கூட இல்லையே! "லைட்டே போட்டுடுங்க டாக்டர்."

வீரபாகு முப்பது வருஷமாகப் பட்டுக்குச் சாயம் போடுகிறவர். "இருங்க டாக்டர். ஒரு பிடி நூல்ல பார்க்காம நாங்க மொத்த நூலையும் தொட்டியில எறக்க மாட்டோம்."

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்" என்று டாக்டரம்மா சிரித்துவிட்டார். அன்றைக்கே சோதனைக்கு இடது காதுக்குப் பின்னால் ஒரு புள்ளி லேசர், வலது காதுக்குப் பின்னால் ஒரு புள்ளி லைட் போட்டுவிட்டார். நாலு வாரம் பொறுக்க வேண்டும்.

பொறுப்பதா, இவளா? இரண்டு கண்ணாடி வைத்துக் கழுத்தை ஒடித்துப் பார்த்தாள். தினமும் காலையில் வாசல் வெயிலில் வீரபாகு அவள் காதை மடக்கிப் பார்ப்பார். டியூப்லைட்டில் அவர் எந்த நிறத்தையும் நம்பமாட்டார்.

"இன்னா தெரியுது?"

"ஒண்ணும் தெரியல."

"கண்ணு அவிஞ்சி போச்சா உங்களுக்கு?"

பத்தாம் நாள் வலது பக்கம் பொருக்கு உதிர்ந்து பளிச்சென்று ஆனது. இடது பக்கம் அப்படியே கிடந்தது. "நான் சொல்லல? லைட்தான்!" என்று குதித்தாள்.

"ஈரத்துல பார்க்கறது கலரே இல்ல. காயட்டும்" என்றார் அவர். போயும் போயும் இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டோமே என்று எரிந்தது அவளுக்கு. அவரிடம் சொல்லாமலே கிளினிக்குக்கு போன் பண்ணி, நாலாவது வாரம் வெள்ளிக்கிழமைக்கு முகம் முழுக்க லைட் போட நேரம் வாங்கிவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை வீரபாகு வலது காதை மடக்கினார். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இன்னாங்க?"

"கருத்துடுச்சு லதா. இடது பக்கம் நல்லாத்தான் இருக்குது."

போனில் படம் எடுத்துக் காட்டினார். சுண்டைக்காய் அளவுக்கு, காப்பித்தூள் அப்பினது மாதிரி ஒரு கறை. ஸ்வர்ணலதா வாசப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இன்னிக்கு மூஞ்சி பூரா போட்டுக்க இருந்தேங்க" என்று சொல்லும்போதே ஓவென்று அழுகை வந்தது. அவர் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கிரணைக் கூப்பிட்டாள். "தம்பி, ஆறு மாசமாவது ஆகும். அதுவரைக்கும் இதே மூஞ்சிதான்."

"அந்தப் பொண்ணை நாளைக்கு வரச் சொல்லிட்டேங்க அக்கா. நீங்க பின்னால நின்னு புடவை மடிச்சுக் குடுங்களேன்."

"மடிக்கறதுக்கும் சென்னையிலேர்ந்தே கூப்பிட்டுக்கோ" என்று வைத்துவிட்டாள். மூன்று வருஷ வேலை போனது போனதுதான், வலிக்கவும் வலித்தது.

ஐந்து நிமிஷத்தில் கிளினிக்கிலிருந்து அழைப்பு. "மேடம், இன்னிக்கு லைட் போட வரீங்க இல்ல? தீபாவளிக்குள்ள முடிச்சுடலாம்."

"லைட் வேணாம்மா. லேசரே பண்ணுங்க, மெதுவா" என்றாள் ஸ்வர்ணலதா. "தீபாவளிக்கெல்லாம் இல்ல. எனக்குத்தான்."