சாரன் கட்டிய வீரன்

என் தம்பியின் வீரர்கள் பெட்டியை விட்டு இறங்கியதே இல்லை. முன்பக்கம் கண்ணாடித்தாள் ஒட்டிய பெட்டிகளுக்குள் நின்றபடியே கட்டாரிலிருந்து விமானத்தில் வந்தார்கள். அப்படியே எங்கள் ஹோலில் இருந்த கண்ணாடி அலுமாரிக்குள் ஏறினார்கள். ஒவ்வொருவனுக்கும் மாற்றிப் பூட்டுவதற்கென்று இரண்டு மூன்று சோடிக் கைகள் பக்கத்தில் வைத்திருக்கும். பொத்திய கை, விரித்த கை, வாள் பிடிக்கிற கை. எந்தக் கையும் எதையும் பிடித்ததில்லை.

அழகில்லை என்று சொன்னால் பொய். கண்மணிக்குள் வெள்ளைப் புள்ளி வரைக்கும் வைத்துத் தீட்டியிருப்பார்கள். சப்பாத்தின் அடியில் சேறு பட்டதுபோலக்கூட நிறம் பூசியிருக்கும். ஆனால் நான் அவற்றை விளையாட்டுச் சாமான் என்று சொல்லிவிட்டால் தம்பிக்கு முகம் சுருங்கிவிடும்.

"இது விளையாடுற சாமான் இல்ல ராத்தா. கலெக்‌ஷன்."

"விளையாடாத சாமான என்னத்துக்குடா வாங்கிற?"

"பெட்டி திறந்தா அதுட மவுசு போயிரும்."

முப்பதை எட்டிப் பிடிக்கப்போகிற ஆம்பிளை, கைத்தொலைபேசி திருத்துகிற கடை வைத்திருப்பவன், அலுமாரிக்கு முன்னால் மூச்சை அடக்கிக்கொண்டு தூசி தட்டுவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதைவிட என் மகளைப் பார்க்கத்தான் பொறுக்காது. ஐந்து வயது அவளுக்கு. கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பாள். "மாமா, இவங்க எப்ப வெளிய வருவாங்க?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பாள். எங்கள் ஊர் மருதமுனையில் இவ்வளவு விளையாட்டுச் சாமான் இருந்த வீடு எங்களுடையதுதான். விளையாட ஒன்றுமில்லாமல் என் பிள்ளை ரொட்டி மாவை உருட்டிக்கொண்டிருந்தாள்.

தம்பி இப்படி வளர்ந்தவன் இல்லை. இவனுக்கு ஆறு வயதாக இருக்கும்போது, பெருநாளுக்கு முதல்நாள் கல்முனை பஸாரில், நடைபாதைக் கடையொன்றில் வாப்பா ஒரு பிளாஸ்டிக் வீரன் வாங்கிக் கொடுத்தார். அதைச் செய்தவர்களுக்கு என்ன அவசரமோ தெரியாது. ஒரு வீரனின் முகமூடியும் இன்னொருவனின் நெஞ்சுச் சின்னமும் மூன்றாமவனின் சப்பாத்தும் சேர்ந்து நின்றது. முதுகில் ஒட்டு விட்டிருந்தது. பெருநாளன்று பின்னேர அசர் தொழுகைக்கு முன்பே இடது கை கழன்றுவிட்டது. எங்கள் வீட்டுத் தறியில் கழித்துப் போட்ட நூலை எடுத்து நான்தான் தோளோடு சேர்த்துக் கட்டினேன்.

உம்மா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்ல நாளும் அதுவுமா இப்பிடிக் கால்ல ஒட்டிப் பிடிச்ச களிசானோட நிக்கிறானே. அவனுக்கு என்னத்தையாவது உடுத்துங்க."

எனக்குப் பதின்மூன்று வயது, கை துருதுருவென்றிருந்த காலம். தறித் துணியின் வெட்டுத் துண்டில் நீலக் கட்டம் போட்ட சாரன் ஒன்று தைத்து இடுப்பில் கட்டிவிட்டேன். அன்றிலிருந்து அவன் பெயர் சாரன்காரன்.

சாரன்காரன் செய்யாத தொழில் கிடையாது. மீன் டின்னில் சில்லுப் பூட்டிய லொறிக்கு அவன்தான் சாரதி. கிணற்றுக்குள் விழுந்து வாளியில் ஏறி வந்தான். கடற்கரை மணலில் புதைத்துவிட்டு இடத்தை மறந்து, அந்தி வரைக்கும் தோண்டினோம். பக்கத்து வீட்டுச் சேவலோடு சண்டைக்குப் போய்த் தோற்றான். நாங்கள் என்ன சொன்னாலும் அதுவாகிவிடுவான், ஏனென்றால் அவன் யாரென்று அவனைச் செய்தவர்களுக்கே தெரியாது.

ஒருமுறை பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பொம்மைக்கு அவனை மாப்பிள்ளை பேசினோம். சும்மா இல்லை, தட்டத்தில் வாழைப்பழம் வைத்து, பழைய டின்னில் ரபான் தட்டி, ஒழுங்கையால் ஊர்வலம் போய் ஒப்படைத்தோம். பின்னேரம் தம்பி அவனைத் திரும்பக் கேட்டான். அந்தப் பிள்ளை இடுப்பில் கைவைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"மாப்பிள்ளையா வந்தவரு எங்கட ஊட்டதான் இரிப்பாரு."

எங்கள் கரையில் இதற்கு மறுபேச்சு இல்லை. இங்கே வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடித்தால் ஆண் தன் உடுப்பை எடுத்துக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவான். இவ்வளவு சட்டம் தெரியாமல் நாங்கள்தான் அவனை மாப்பிள்ளையாக்கி வைத்தோம். தம்பி அழுதான். உம்மா போய்ப் பேசி, தலாக் என்று சொல்லாமல், "வேலைக்கு வெளிநாடு போறாரு" என்று சொல்லி மாப்பிள்ளையை மீட்டு வந்தார்.

பிறகு கடல் வந்தது. எங்கள் வீட்டில் ஆட்களெல்லாம் தப்பினோம், அல்ஹம்துலில்லாஹ். வீடு தப்பவில்லை. தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் தம்பி என் பாவாடையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான். "சாரன்காரன் எங்க ராத்தா?" என்றான்.

கட்டாரில் வேலைக்குப் போன புதிதில், ஒரு பெரிய கடையின் கண்ணாடிக்குப் பின்னால் அந்த முகமூடியை அவன் கண்டிருக்கிறான். வாங்கிக்கொண்டு அறைக்குப் போய் எனக்கு வீடியோ அழைப்பு எடுத்தான். "ராத்தா, நம்மட சாரன்காரன்ட ஒரிஜினல் இவருதான்" என்றான். முகமூடிக்கேற்ற சின்னம், சின்னத்துக்கேற்ற சப்பாத்து, எல்லாம் சரியாக இருந்தது. பெட்டியைத் திறக்க அவனுக்கு மனம் வரவில்லை. திறந்தால்தானே தொலையும். அப்படித்தான் ஒன்று பன்னிரண்டானது.

அவன் ஊருக்கு வந்து கடை போட்டபோது அலுமாரியை எங்கே வைப்பதென்று கேள்வி வந்தது. புதிதாகக் கட்டிய வீடு என் கலியாணத்தோடு எனக்கு எழுதப்பட்டது. அவனுக்கு ஓரத்தில் ஓர் அறை. அதற்குள் அலுமாரி நுழையவில்லை. ஹோலில் மேற்குச் சுவர் மட்டும் வெறுமையாக இருந்தது. அங்கே வைத்தான். அந்தச் சுவர் ஏன் வெறுமையாக இருந்தது என்று அவனும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. முதல் முறை தொழ நின்றபோதுதான் விளங்கியது. தொழும்போது முகம் வைக்கிற கிப்லாப் பக்கம் பன்னிரண்டு பேர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார்கள். அலுமாரியோ இரண்டு பேராலும் அசைக்க முடியாத பாரம். உருவங்களுக்கு முன்னால் தொழக் கூடாதென்று ஒரு கட்டில் விரிப்பை எடுத்து, தொழும் நேரமெல்லாம் மூடத் தொடங்கினேன்.

இந்த வருஷம் கல்முனைக்குடியில் அவனுக்குப் பெண் பேசி முடிந்தது. பிள்ளை ஆசிரியை, நல்ல குணம். அவளுடைய உம்மா ஒரு பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் காலையிலிருந்து அடுப்படியில். கட்லட் பொரிக்கிற அவதியில் விரிப்பை மறந்தே போனேன். அசர் பாங்கு சொன்னது. அவர் முசல்லா கேட்டார், கொடுத்தேன். விரித்தார், நிமிர்ந்தார்.

அவர் முசல்லாவை மடித்து எடுத்துக்கொண்டு என் அறைக்குள் போய்த் தொழுதார். போகும்போது படலையடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு பதனமாகத்தான் சொன்னார்.

"மருமகன் தங்கமான புள்ள. ஆனா இந்தச் சிலையெல்லாம் எங்கட ஊட்டுக்குள்ள வேணாம், மகள். குறையா நினைக்க வேணாம்."

தம்பியிடம் சொன்னேன். ஏதாவது எரிந்து விழுவான் என்று பார்த்தேன். அலுமாரிக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்துவிட்டான்.

"ஊடு உனக்கு. அந்த ஊடு அவங்களுக்கு. என்ட எண்டு சொல்ல எனக்கு இது மட்டும்தான் ராத்தா. இதையும் உட்டுட்டுப் போனா, நான் ஆரு ஊட்டயோ தங்க வந்த ஆள் மாதிரித்தானே இரிக்கணும்?"

அதுவரை அந்தப் பெட்டிகளைத் திட்டித் தீர்த்தவள் நான். வீடு எனக்கு வந்தபோது அவனுக்கு என்ன வந்தது என்று நான் ஒருநாளும் கேட்டுப் பார்த்ததில்லை.

மறுநாள் அவன் தனக்கு ஓதிக்கொடுத்த மௌலவியைத் தேடிப் போனான். திரும்பி வந்து சைக்கிளைச் சாத்திவிட்டுத் திண்டாடிக்கொண்டு நின்றான்.

"என்னடா சொன்னாரு?"

"வச்சி அழகு பாக்கிறத்துக்கு உருவம் வேணாமாம். புள்ளைகள் விளையாடுறத்துக்கு எண்டா பரவாயில்லயாம்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நாலு வருஷமா இதைத்தானேடா நானும் கத்திறன். எனக்கும் ஒரு தாடி இருந்தா கேட்டிருப்பாய்."

அவன் சிரிக்கவில்லை. அலுமாரியைத் திறந்து, முதல் வாங்கிய பெட்டியை எடுத்தான். கைத்தொலைபேசியின் கண்ணாடியைக் கிளப்புகிற மெல்லிய தகட்டால் ஒட்டுத்தாளைக் கிளப்பினான். கழுத்தையும் இடுப்பையும் கட்டியிருந்த கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கு எடுத்தான். வீரன் அவனது உள்ளங்கையில் வந்து நின்றான். புதுப் பிளாஸ்டிக் வாசம் அடித்தது.

"இப்ப என்ன செய்யிற?" என்று என்னைக் கேட்டான். விளையாட மெய்யாகவே மறந்துபோயிருந்தான்.

மகள் அதற்குள் கை நீட்டி வாங்கிவிட்டாள். "இவருக்குப் பசிக்கிது மாமா. எவ்வளவு நாள் உள்ள இருந்தாரு" என்றாள். அடுப்படிக்குக் கொண்டுபோய்ச் சோறு தீத்தினாள். படியில் ஏற்றி இறக்கினாள். இரண்டாவது படியில் வலது கை கழன்று கதிரைக்கு அடியில் உருண்டது. தம்பி முழங்காலில் இருந்து தேடத் தொடங்கிவிட்டான்.

"ஏன் மாமா தேடுறீங்க? வேற கை இரிக்கிதானே" என்றாள் மகள்.

பெட்டிக்குள் கிடந்ததில் வாள் பிடிக்கிற கையைத் தெரிந்தெடுத்துப் பூட்டினாள். விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கில் ஒன்றை உருவி அந்தக் கைக்குள் செருகினாள். முற்றத்து வாளிக்குப் பக்கத்தில் அவனைக் குந்த வைத்தாள். அந்தக் கால்கள் மடங்குகிற வடிவத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் சாரன்காரனால் ஒருநாளும் குந்த முடிந்ததில்லை, விறைத்துக்கொண்டுதான் நிற்பான். இவன் முழங்காலும் கணுக்காலும் மடித்து, ஈர்க்கிலை வாளிக்குள் விட்டுக்கொண்டு, சாய்ந்தமருதுக் கரையில் தூண்டில் போடுகிற ஆள் மாதிரி அமர்ந்தான். இவ்வளவு வித்தையை வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் கண்ணாடிக்குள் நின்றாய் என்று எனக்கு அவன் மேல் பாசமே வந்துவிட்டது.

தம்பி மகளுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினான். வாளித் தண்ணீரைக் கையால் கலக்கினான். "பெரிய மீன் ஒண்டு வருது, இழு, இழு" என்றான். அந்தக் குரலை நான் கேட்டு எவ்வளவு காலம். கொஞ்ச நேரத்தால் என் பக்கம் திரும்பினான்.

"ராத்தா, துண்டுத் துணி இரிக்கா?"

இருந்தது. நீலக் கட்டம்தான் போட்டேன். தைக்கும்போது கண் மறைத்து, ஊசி இரண்டு தரம் விரலில் ஏறியது.

கலியாணத்தன்று அவன் பையை நான்தான் அடுக்கினேன். இந்தப் புதுச் சாரன்காரனைச் சட்டைகளுக்கு நடுவில் அவன் செருகுவதைக் கண்டும் காணாததுமாக இருந்தேன். ஆனால் மாப்பிள்ளை போன பிறகு, அவனுடைய மாமி கண்டால் என்ன நடக்குமோ, முதல் கிழமையிலேயே தம்பிக்கு அந்த வீட்டில் முகம் கொடுக்க முடியாமல் போய்விடுமோ என்று பயந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை வட்டிலப்பம் செய்து எடுத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு கல்முனைக்குடிக்குப் போனேன்.

ஹோலில் பாயில் அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் தென்னம்பாளையை வள்ளமாக்கி இழுத்துக்கொண்டிருந்தார்கள். வள்ளத்துக்குள் சாரன்காரன் குந்தியிருந்தான். தலையில் ஒரு வெள்ளைத் தொப்பி, நூலால் பின்னியது, என் பெருவிரல் நுனியளவு.

தம்பியின் மாமி உள்ளேயிருந்து வந்தார். நான் அந்தத் தொப்பியையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார்.

"சாரன் உடுத்தவருக்குத் தலையில ஒண்டுமில்லாம இருந்திச்சி. அதான் நான் பின்னிப் போட்டன்" என்றார். "ஆரு இவரு எண்டு கேட்டன். மருமகன் எல்லாத்தையும் சொன்னாரு. கடல் எங்கட ஊட்டயும்தானே கொண்டு போன." கொஞ்சம் நிறுத்தினார். "அங்க இரிக்கிற மத்தவங்களையும் வரச் சொல்லுங்க மகள். உடுப்புப் போட்டு அனுப்புங்க."

பதினொரு பேருக்கு உடுப்பு. அதில் ஒருவனுக்கு வால் வேறு இருக்கிறது. வெட்டுத் துணி காணுமோ என்று அங்கேயே கணக்குப் போடத் தொடங்கிவிட்டேன்.

வெளிக்கிடும்போது மகள் பாளை வள்ளத்தை விட்டு அசையவில்லை. சாரன்காரனும் எங்களோடு வர வேண்டுமாம், ஒரு நாளைக்கு மட்டுமாம். நான் மாமியைப் பார்த்தேன்.

"அது சரி வராது" என்றார் அவர், தம்பியைப் பார்த்துக்கொண்டே. "மாப்பிள்ளையா வந்தவரு எங்கட ஊட்டதான் இரிப்பாரு. நீங்க வந்து பாருங்க."

ஆறு வயதில் இதைக் கேட்டு அழுதவன், வட்டிலப்பத் தட்டோடு அந்த வீட்டு நிலைக்கதவில் சாய்ந்து நின்று சிரித்தான்.