கோட்டையூர் நூற்பாலையின் கையேடு

பர்மாவில், லைங் தாயா தொழிற்பேட்டையில் ஜப்பானியர்கள் நடத்திய ஒரு தையல் தொழிற்சாலையில் எட்டு வருஷம் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். நாட்டு நிலைமை கெட்ட வருஷத்தில் அதை மூடிவிட்டார்கள். அதன்பிறகு தாமுவே பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டு முன்னறையில் ஜப்பானிய மொழி வகுப்பு எடுக்க ஆரம்பித்தேன். வருகிற எல்லோருக்கும் எண்ணம் ஒன்றுதான். படிப்பார்கள், பரீட்சை எழுதுவார்கள், விமானம் ஏறிப் போய்விடுவார்கள். என் தங்கையும் அப்படித்தான் போனாள். அவளுக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அப்பா அம்மா காலமான பிறகு அந்த வீட்டில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

அவளுக்குக் கிடைத்தது ஜப்பானில் ஒரு பழைய கோட்டையூரில் துணித் தொழிற்சாலை வேலை. அங்கே பர்மாக்காரப் பிள்ளைகள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். ஊர் அருங்காட்சியகத்தின் கையேட்டை அவர்களுக்காக பர்மீயத்தில் போட வேண்டும், யாராவது இருக்கிறார்களா என்று தொழிற்சாலையில் கேட்டிருக்கிறார்கள். இவள் என்னைச் சொல்லிவிட்டாள்.

இரண்டு மாதம் அந்தக் கையேட்டோடுதான் இருந்தேன். காலையில் மின்சாரம் இருக்கும் நேரத்தில் தட்டச்சு செய்வேன். இல்லாத நேரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து நோட்டில் எழுதுவேன். சில நாள் வகுப்புப் பிள்ளைகளைத் தவிர வேறு மனுஷர் குரலே கேட்காது.

கையேட்டின்படி, அந்த ஊரில் பிரபுக்களின் ஆட்சி முடிந்ததும் கோட்டையை நம்பியிருந்த வீரர்களுக்குப் பிழைப்பு இல்லாமல் போயிற்றாம். அகழிக்கு வெளியே செங்கல்லில் ஒரு நூற்பாலை கட்டினார்கள். முதலில் அதில் வேலைக்குப் போனவர்கள் அந்த வீரர்களின் மகள்கள்தான். பிறகு மலை ஊர்களிலிருந்து பெண்கள் வந்தார்கள். ஆலைச் சங்கு ஊதுவதை வைத்துத்தான் ஊரே சோறு பொங்கியது. விடுதியில் ஒரு படுக்கைக்கு இரண்டு பெண்கள். பகல் முறைக்காரி எழுந்து போனதும் இரவு முறைக்காரி வந்து அதே சூட்டில் படுப்பாள். ஒரே படுக்கையில் வருஷக்கணக்கில் தூங்கியும் சில பேர் ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்த்ததில்லையாம். அந்தப் பக்கத்தை முடித்துவிட்டு நான் எழுந்து அடுப்படிக்குப் போய்ச் சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

தங்கையைத் தொலைபேசியில் கேட்டேன்.

“ஆலையைப் பாத்தியாடி?”

“எந்த ஆலை?”

“கோட்டைக்குக் கீழே, செங்கல் கட்டடம். கூரை ரம்பப் பல்லு மாதிரி இருக்கும்.”

“ஐயோ, அதுவா? தினம் சைக்கிள்ல அது வழியாத்தான் போறேன். ஏதோ கிடங்குன்னு நினைச்சேன் அக்கா.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் அங்கிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். மேலே வெள்ளைச் சுவரோடு கோட்டை, கீழே சிவப்புச் சுவரோடு ஆலை. நான் வழி சொல்ல, அவள் நடந்தாள்.

“வலது பக்கம் திரும்பு. ஒரு கிணறு இருக்கும்.”

“கிணறு இல்லக்கா. சைக்கிள் நிறுத்துற இடம்தான் இருக்கு.”

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கையேட்டில் இருந்தது பழைய வரைபடம். பார்க்காத ஊரில் ஒரு கிணற்றை நானாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆலைக்குள்ளே பழைய விடுதி அறை ஒன்றைப் பார்வைக்கு அப்படியே வைத்திருந்தார்கள். பாய் விரித்த தரை, சுவரோரம் மடித்த மெத்தைகள். அவள் கேமராவை அந்த மெத்தைகளின் பக்கமே திருப்பி வைத்திருந்தாள். அதுவரை என்னோடு தமிழில் பேசிக்கொண்டு வந்தவள் பர்மீயத்துக்கு மாறினாள். ஒப்பந்தம் முடிந்தாலும் தான் திரும்பி வரப்போவதில்லை, அங்கேயே தங்க இன்னொரு தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள்.

“எப்ப முடிவு பண்ணுன?” நான் தமிழில்தான் கேட்டேன்.

“ரெண்டு மாசம் ஆச்சு. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

“பரீட்சைக்குப் படிச்சியா?”

“நீயும் வாயேன் அக்கா. என்னைவிட நல்லாப் பேசுற. இங்க வேலை கிடைக்கும்.”

ஐம்பத்திரண்டு வயதில் யார் என்னை வேலைக்கு எடுப்பார்கள் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நான் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது எங்கள் தெருவில் மின்சாரம் போய்விட்டது. திரையில் அந்த அறை அப்படியே உறைந்து நின்றது. திரும்பக் கூப்பிடவும் முடியவில்லை. அன்று சாயங்காலம் வகுப்புக்கு வந்தவர்களுக்கு, அறிமுகமில்லாதவர்களை முதலில் பார்க்கும்போது சொல்ல வேண்டிய வணக்கங்களை நடத்தினேன்.

மறுநாள் அவளுக்குச் செய்தி அனுப்பினேன். தேர்வில் கேட்கக்கூடிய இலக்கணம் நாற்பது வரி எழுதி, கடைசியில், ‘நல்ல முடிவுதான்’ என்று சேர்த்தேன். எழுதும்போது அது பொய்யாகத்தான் இருந்தது. அவள் தேறிவிட்டாள் என்று தெரிந்த அன்று எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. அப்புறம் மூன்று நாள் வகுப்பு எடுக்க முடியவில்லை.

கையேடு அச்சாகி வந்தது. இரண்டு பிரதி அனுப்பியிருந்தார்கள். ஒன்றை வகுப்பில் வைத்தேன். அந்த ஊருக்குப் போகிற பிள்ளைகள் புரட்டிப் பார்க்கிறார்கள்.

போன மாதம் கோயிலில் அன்னதானம். பந்தியில் பரிமாறிய அம்மா என்னை அடையாளம் கண்டு, “தங்கச்சி எப்ப வருது?” என்று கேட்டார்.

“வராதும்மா. அங்கயே இருக்கப் போகுது,” என்றேன்.

அவர் என் இலையில் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றிவிட்டு அடுத்தவரிடம் போனார்.