முள்ளுக்கரண்டியில் சமாதானம்

தொண்ணூறுகளின் நடுவில் இத்தாலியின் பலேர்மோவில், பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில், ஒரு பேராசிரியரின் வீட்டில் வேலை செய்தேன். யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் பயிற்சி பெற்றவள். இங்கே சமையலும் துடைப்பும்.

பேராசிரியரின் மனைவி சிஞ்ஞோராவுக்கு உலகப் பரிசு வாங்கியவர்களை விருந்துக்கு அழைப்பதில் பைத்தியம். விஞ்ஞானத்துக்கு வாங்கியவர் கோப்பிக் கோப்பைக்குள் சுருட்டை அணைத்தார். இலக்கியத்துக்கு வாங்கியவர் சப்பிய ஒலிவ் கொட்டைகளை மேசைவிரிப்பின் கீழ் செருகிவிட்டுப் போனார். இரண்டையும் விரலால் எடுத்தவள் நான். மூன்றாவதாகச் சமாதானத்துக்கு வாங்கியவர் வந்தார்.

அந்தக் கிழமை என் பெர்மெஸ்ஸோ முடிய இருந்தது. நான் அவளிடம் வேலை செய்வதாகச் சிஞ்ஞோரா கையெழுத்துப் போட்டால்தான் இந்நாட்டில் இருக்கும் அனுமதியைப் புதுப்பிப்பார்கள். "விருந்து முடியட்டும்" என்று தள்ளிக்கொண்டே வந்தாள்.

விருந்து வெள்ளிக்கிழமை. வெள்ளியில் நான் மரக்கறி மட்டும். உதவிக்கு வந்த மன்னார் அக்கா, வெள்ளியில் இறைச்சி தொடாத கத்தோலிக்க வேதக்காரி, கணவாயைக் கழுவியபடி சொன்னாள்:

"உன்ரை வெள்ளிக்கு மீன் ஆகாது, என்ரை வெள்ளிக்கு மீன்தான் ஆகும். கடவுள்மாரே இன்னும் கதைச்சு ஒரு முடிவுக்கு வரேல்லை."

"அதுக்குத்தான் அக்கா உள்ளை ஒராள் இருக்கிறார்."

கணவாயைப் பரிமாறும்போது, "இவள் போரிலிருந்து வந்தவள்" என்று சிஞ்ஞோரா என்னைக் காட்டினாள். சமாதானப் பரிசுக்காரர் எழுந்தார். இந்த மேசையில் எசமானும் வேலைக்காரியும் இல்லை என்றார். தன் முள்ளுக்கரண்டியை நாக்கால் வழித்து, தன் தட்டிலிருந்த துண்டொன்றைக் குத்தி, என் வாய்க்கு நேரே நீட்டினார்.

எச்சில். அதைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமிட்டு, நுணுக்குக்காட்டியில் பார்த்துப் பழகியவள் நான்.

"இன்று மீன் சாப்பிடமாட்டேன்" என்றேன்.

"பயப்படாதே, இங்கே போர் இல்லை" என்றார். எல்லோரும் நெகிழ்ந்துபோனார்கள். சிஞ்ஞோரா என்னைப் பார்த்த பார்வையில் மட்டும் நெகிழ்ச்சி இல்லை.

வாயைத் திறந்தேன். முள்ளின் நுனியில் அவருடைய வைன் புளிப்பு இருந்தது. கைதட்டினார்கள். யாரோ படம் எடுத்தார்கள். அந்தக் குதூகலத்திலேயே சிஞ்ஞோரா கையெழுத்தையும் போட்டாள்.

குசினியில் உப்புத் தண்ணீரால் கொப்பளித்தேன்.

"போட்டாளோ?" என்றாள் அக்கா.

"ஓம்."

"அப்ப துப்பிப்போட்டு வா, தட்டுகள் கிடக்கு."

படத்தைச் சிஞ்ஞோரா குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். அவர் புன்னகைக்கிறார்; நான் வாயைத் திறந்திருக்கிறேன். தினமும் அந்தக் கதவைத் துடைப்பது என் வேலை.