அப்பாவின் சுடாத கால்

என் காரின் கியர் ஒயிலை மாற்ற இப்போதெல்லாம் பேராதனைப் பக்கம் ஒரு கராஜுக்குப் போகிறேன். இயந்திரம் ஒன்று பழைய ஒயிலை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை நிரப்பும். முக்கால் மணி நேரம் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தால் போதும். வீடு, வேலை, பிள்ளைகளின் டியூஷன் என்று ஓடுகிற ஓட்டத்தில், யாரும் என்னிடம் எதுவும் கேட்காத முக்கால் மணி நேரம் வேறெங்கும் எனக்குக் கிடைப்பதில்லை. கொஞ்சம் கண்ணை மூடலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். அந்த ஒயில் வாசனை விடாது. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டு வாசலில் அப்பா ஒயில் மாற்றிய நாளுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும்.

அப்போது நாங்கள் கட்டுகஸ்தோட்டையில், பாலத்திலிருந்து மேடேறும் ஒரு சந்துக்குள் வாடகைக்கு இருந்தோம். அப்பா தன் காரில் ஆள் ஏற்றி ஹயர் ஓடினார். காலையில் நான்கு டீச்சர்மாரை வத்தேகமைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் இறக்கிவிட்டு, இரண்டு மணிக்குத் திரும்பக் கூட்டிவர வேண்டும். இடையில் ஆஸ்பத்திரி, கல்யாணம், சாவு என்று எது வந்தாலும் போவார். முன்பு வைத்திருந்தது கிளச் வைத்த சாதாரண கார். அதை விற்றுவிட்டு, ஜப்பானில் யாரோ ஓட்டிக் களைத்த ஓட்டோ கியர் கார் ஒன்றை வாங்கினார். ஏன் என்று கேட்டவர்களிடம், கிளச் மிதிக்கிற இடது கால் சோம்பேறியாகிவிட்டது, இந்தக் காருக்கு வலது கால் ஒன்றே போதும் என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள், நாங்களும் சிரிப்போம்.

சிரிக்க இன்னொரு விஷயமும் இருந்தது. சில நாட்களில் அப்பா ஒரு காலில் மட்டும் செருப்போடு வீட்டுக்கு வந்து நிற்பார். மற்றது எங்கே என்று கேட்டால், குனிந்து பார்த்த பிறகுதான் அது இல்லாதது அவருக்கே தெரியும். நான் சந்து வழியே இறங்கித் தேடி எடுத்துவருவேன். ஒருமுறை ரொட்டிக் கடை வாசலில் கிடந்த செருப்பின் மேல் ஒரு நாய் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. மனுஷன் களைத்துப்போய் வருகிறார், செருப்பையா கவனிப்பார் என்று அம்மா பரிந்து பேசுவாள்.

அந்தக் காருக்கும் களைப்பு வந்துவிட்டது. மேட்டில் என்ஜின் கத்தும், கார் நகராது. பிறகு பின்னாலிருந்து யாரோ இடித்த மாதிரி ஒரு குலுக்கலோடு பாயும். டீச்சர்மாரில் ஒருவர், வேறு வேன் பார்ப்போமா என்று மற்றவர்களிடம் மெதுவாகக் கேட்டது அப்பாவின் காதில் விழுந்துவிட்டது. அந்த ஹயர் போனால் எங்கள் பிழைப்பே போன மாதிரிதான். அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஒயில் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்றார் மாமா. அம்மாவின் தம்பியான அவர் மோட்டார் சாமான் கடையில் கவுண்டரில் நிற்பவர். வாழ்க்கையில் ஒரு நட்டைக்கூடக் கழற்றியதில்லை, ஆனால் உலகத்தில் உள்ள எல்லா நட்டுகளின் அளவும் அவருக்குத் தெரியும். கராஜ்காரரோ, அது பழைய ஒயிலிலேயே பழகிப்போன கியர்பொக்ஸ், மாற்றினால் மொத்தமாகப் படுத்துவிடும் என்று பயமுறுத்தி அனுப்பியிருந்தார். இரண்டு பேச்சுக்கும் நடுவில் கிடந்து ஒரு வாரம் தவித்த அப்பா, கடைசியில் மாமாவின் பக்கம் சாய்ந்தார். மாமாவின் கடையில் விலைக் கழிவில் ஒயில் கிடைத்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை தொடங்கியது. சூடாக இருந்தால்தான் ஒயில் அழுக்கோடு இறங்கும் என்பது மாமாவின் உத்தரவு. அப்பா பாலத்தைத் தாண்டி ஒரு நீண்ட சுற்றுச் சுற்றிவிட்டு வந்து நிறுத்தினார். எங்கள் வீட்டில் வண்டியில் கை வைக்குமுன் கற்பூரம் காட்டியாக வேண்டும். அம்மா தட்டோடு வந்தாள். அப்பா செருப்பைக் கழற்றிப் படியோரம் விட்டுவிட்டுக் கும்பிட்டார். கற்பூரம் அணையக்கூட மாமா விடவில்லை, சூடு ஆறுகிறது, ஆறுகிறது என்று விரட்டினார். அப்பா வெறுங்காலோடு அப்படியே காருக்கு அடியில் நுழைந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்த மாமா, வெளியே நின்று யோசனைகளை மட்டும் கொடுத்தார்.

நட்டுக் கழன்றதும், அடுப்பில் மறந்துவிட்ட பிளேன்டீ மாதிரி கறுப்பாக ஒயில், அடியில் வைத்திருந்த பேசினில் இறங்கியது. பேசினின் விளிம்பை ஆசையாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, விரலை வாயில் வைத்துக்கொண்டேன். அவ்வளவு சூடு. எவ்வளவு இறங்கியதோ அவ்வளவுதான் ஊற்ற வேண்டும், போத்தலில் அளந்துவிடுங்கள் என்றார் மாமா. அப்பா கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பேசினைத் தூக்கினார். இரண்டு அடி வைத்ததும் ஜாக்கியின் கம்பி தடுக்கி, பேசின் சாய்ந்து, ஒயில் அவருடைய வலது பாதத்தின் மேல் கொட்டியது.

அப்பா கத்தவில்லை, காலைக்கூட இழுக்கவில்லை. கொட்டிய ஒயிலுக்குள் நின்றபடி தரையைத்தான் பார்த்தார்.

"பாப்பா, அந்தச் சாக்க எடு. வீட்டுக்காரரோட சீமெந்து கறையாகிடும்."

அம்மா தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்து அவர் காலைப் பிடித்து வெளியே இழுத்துக் கழுவினாள். தோல் சிவந்துவிட்டிருந்தது. சுடவில்லையா என்று கேட்டாள். அப்பா குனிந்து காலைப் பார்த்தார், செருப்பு இல்லாததைக் குனிந்து பார்ப்பாரே, அதே போல. பிறகுதான், சுட்டது, சுட்டது என்றார். அம்மா அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். எழுந்துபோய், படியோரம் கிடந்த செருப்பைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள்.

எனக்குப் புல்லரித்துப்போயிற்று. வடை சுடும்போது ஒரு பொட்டு எண்ணெய் தெறித்ததற்கு ஊரைக் கூட்டியவள் நான். என் அப்பாவோ கொதிக்கிற ஒயிலில் நின்றுகொண்டு சாக்குக் கேட்கிறார்.

புது ஒயில் சிவப்பாக இருந்தது, பக்கத்து வீட்டிலிருந்து நோன்புக்கு வரும் சர்பத்தின் சிவப்பு. ஒல்லிக் குழாயில் புனல் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்கள். அடுத்தது முக்கியமான கட்டம். என்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டு, கியர்த் தண்டை ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி நிறுத்தி நகர்த்த வேண்டும். அப்போதுதான் ஒயில் எல்லா இடமும் போகும், கம்பியை விட்டு அளவும் பார்க்கலாம். கால் பிசகினால் கார் பாய்ந்துவிடும். எங்கள் வாசலுக்கு முன்னால் பத்தடிப் பள்ளத்தில் இன்னொரு வீட்டுக் கூரை இருந்தது.

அப்பா கதவைத் திறந்தார். அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு குறுக்கே வந்து நின்றாள்.

"நீங்க வேணாம். நான் உக்கார்றேன். எந்தக் கால்ல அழுத்தணும்னு மட்டும் சொல்லுங்க."

அக்கா, இது தையல் மெஷின் இல்லை என்று மாமா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. கதவை அவளுக்காக விரியத் திறந்து பிடித்தார். அந்த ஆசனத்தில் அதுவரை அவரைத் தவிர எங்கள் வீட்டில் ஒருவரும் உட்கார்ந்ததில்லை.

"வலது கால்," என்றார். "மிதிச்சா உனக்கே தெரியும்."

அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு தண்டை நகர்த்தினாள். ஒவ்வொரு இடத்திலும் கார் லேசாக உதறியது, ஆனால் ஓர் அங்குலமும் அசையவில்லை. அளவு சரியாக இருந்தது. மறுநாள் டீச்சர்மாரோடு மேட்டில் கார் முனகாமல் ஏறியது. கராஜ்காரரின் பேச்சு பொய்த்துப்போனது. மாமா அதை ஒரு மாதம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

எனக்குத்தான் பெரிய அநியாயம் நடந்தது. அன்றிலிருந்து அம்மா முன் ஆசனத்தில் ஏறிக்கொண்டாள். விடுமுறை நாட்களில் எனக்குக் கிடைத்துவந்த இடம் அது. டீச்சர்மார் நாலு பேரும் பின்னால் நெருக்கி உட்கார்ந்தார்கள். காற்று வாங்கப் போகிறேன் என்பாள், கையோ எப்போதும் ஹேண்ட் பிரேக்குக்குப் பக்கத்திலேயே இருக்கும். பாடசாலையிலிருந்து வெறும் காரோடு திரும்பும்போது அவள் ஓட்டிப் பழகினாள். வருடம் முடியுமுன் லைசன்ஸ் எடுத்து, ஹயரையும் அவளே ஓடத் தொடங்கினாள். அப்பாவின் இடத்தைப் பிடுங்கிக்கொண்டாள் என்று அவள்மேல் எனக்குக் கோபம். அந்தக் கோபத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

சீனி வியாதி அப்பாவின் இடது பாதத்து உணர்வை முன்பே தின்றுவிட்டு, வலது பாதத்துக்கு வந்திருந்தது. பிரேக்கில் கால் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்துத்தான் அவருக்குத் தெரியும். அந்தக் காலோடு எத்தனை நாள் டீச்சர்மாரை ஏற்றிக்கொண்டு அந்த வளைவுகளில் ஓடினாரோ, அவருக்கே வெளிச்சம்.

பத்து வயதில் இது ஒன்றும் எனக்குத் தெரியாது. ஒயில் மாற்றிய மறுநாளே வகுப்பில், என் அப்பாவுக்குச் சூடு சுடாது என்று அடித்துச் சொன்னேன். ஒருத்தியும் நம்பவில்லை. பந்தயம் கட்டி மூன்று பேரை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அப்பா காலில் கட்டோடு படியில் உட்கார்ந்திருந்தார், அம்மா பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். உண்மையிலேயே சுடவில்லையா என்று ஒருத்தி அவரிடம் கேட்டாள். அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

"இல்லம்மா," என்றார். "ஒண்ணுமே தெரியல."

அம்மா துணியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனாள். பந்தயத்தில் ஜெயித்துவிட்ட நான், கைதட்டிக் குதித்தேன்.