முன்சீட்டில் படுத்த பிள்ளை

பிள்ளைகளே, நம் ஊர்கள் மாறிய கதையைப் பல பேர் படமெடுத்து, தேனியில் கண்காட்சியாக வைத்திருக்கிறார்கள். அங்கே கம்பம் பழைய ஜீப் ஸ்டாண்டின் படத்தைப் பார்த்ததுமே டீசலும் பச்சை ஏலக்காயும் கலந்த வாசம் என் மூக்கில் ஏறிவிட்டது. இன்று அந்த இடத்தில் துணிக்கடை நிற்கிறது.

அன்றெல்லாம் விடியுமுன்னே, கேரளத்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் பனிக்கு முக்காடிட்டுக் காத்திருக்க, ஜீப் வந்து நிற்பதற்குள் தூக்குவாளிகள் எல்லோர் தலைக்கும் மேலாக உள்ளே போய்விடும். வாளி வைத்த இடம் வாளிக்காரிக்கு, இடம் கிடைக்காதவளுக்கு அன்று வேலை இல்லை. என் அம்மா குள்ளம், கை எட்டாமல் பல நாள் அழுதபடி வீடு திரும்பியிருக்கிறாள். ஒருநாள் வாளிக்குப் பதிலாக, கூடப் போன என்னையே பக்கவாட்டில் உள்ளே தள்ளிவிட்டாள். நான் முன்சீட்டில் மல்லாந்து படுத்துக்கொண்டேன்.

"ஏத்தா, பிள்ளைய எறக்கு!" என்று டிரைவர் கத்தினார்.

"தூக்குவாளிக்கு இடமிருக்கு, எம்புள்ளைக்கு இல்லையாண்ணே?"

"அக்கா சரியாத்தான் கேக்குறாக!" என்று பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

நான் இறங்க, அம்மா ராணிபோல் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மறுநாள் ஸ்டாண்டில் வாளிகளைவிடப் பிள்ளைகளே அதிகம்.