அப்பா வெட்டாத கிணறு

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது நீங்கள் பந்தியில் சாப்பிட்டு முடித்திருப்பீர்கள், அல்லது அடுத்த பந்திக்குக் காத்திருப்பீர்கள். ஆகவே முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலாவில் உள்ள ஒரு பள்ளத்துக்கு எங்கள் அப்பாவின் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று எட்டு வருடங்களாக நீங்கள் நம்பி வருகிறீர்கள். அது சரியல்ல. உங்களை நம்ப வைத்தது நான்தான். அதைத் திருத்தி எழுதிவிட வேண்டும் என்பது அப்பா கடைசியாக என்னிடம் கேட்டுக்கொண்ட காரியம். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. மற்றதெல்லாம் இதன் கூடவே வருகிறது.

‘அப்பா அவர்கள்’ என்று எழுதிப் பார்த்தேன். யாரோ வெளியூர்ப் பிரமுகரைப் பற்றி எழுதுவது போல் இருந்ததால் அடித்துவிட்டேன். பெயரைச் சொல்லி எழுதுவது நம் வீட்டில் வழக்கமில்லை. அட்டையில் படத்துக்குக் கீழே இருக்கிறது. இரண்டே எழுத்து.

அப்பா பிறந்தது கறம்பக்குடிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில். எட்டாம் வகுப்பு படிக்கும்போது தாத்தா காலமானார். அத்துடன் படிப்பு நின்றது. அண்ணனான எங்கள் பெரியப்பாவுடன் கம்ப்ரசர் வண்டியில் வேலைக்குப் போனார். கிணறு வெட்டும்போது பாறை வந்துவிட்டால் கூப்பிடுவார்களே, அந்த வண்டிதான். பாறையில் குழி போட்டு, வெடி வைத்து, கல்லை அள்ளி மேலே ஏற்ற வேண்டும். அப்படியே குளத்தூர்ப் பக்கம் வந்தவர், வேலை பார்த்த ஊரிலேயே பெண் எடுத்துத் தங்கிவிட்டார். “தண்ணி வந்துச்சு, கூடவே உங்கம்மாவும் வந்துச்சு” என்பார். அம்மா அப்போதெல்லாம் காதில் விழாதது போல அரிசி புடைத்துக்கொண்டிருப்பார்.

இருபது வருடத்துக்கு மேல் பாறையோடு இருந்ததில் ஒரு காது மந்தமானது. மூச்சு வாங்க ஆரம்பித்தது. பிறகு எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் ஆபரேட்டர் ஆனார். காலையில் மோட்டார் போட்டு, தெருத் தெருவாக வால்வு திறந்து விடும் வேலை. கடைசித் தெருவுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று சைக்கிளில் போய்ப் பார்த்த பிறகுதான் காப்பி குடிப்பார். குடத்தோடு சண்டை போட்டவர்கள் இன்று வந்திருப்பீர்கள். அப்பா யாரையும் திருப்பித் திட்டியதில்லை. மந்தமான காதை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்வார், அவ்வளவுதான்.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது பள்ளியில் அறிவியல் முகாம் நடந்தது. தொலைநோக்கி செய்யக் கற்றுக்கொடுத்து, ஆளுக்கு இரண்டு லென்ஸ் கொடுத்தார்கள். அவற்றைப் பொருத்தக் குழாய் வேண்டுமே! வீட்டில் கிடந்த பழைய பைப்பை அப்பா அளந்து அறுத்து, உள்ளே கறுப்புப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். நிலாவின் பள்ளங்கள் பௌர்ணமியில் நன்றாகத் தெரியாது. வெயில் சாய்வாக விழுந்து நிழல் நீளும்போதுதான் ஆழம் தெரியும். நடுவில் இருக்கும் பள்ளங்களைப் பார்க்க ஏற்ற நாட்கள் வளர்பிறை அஷ்டமியும் நவமியும். இதைச் சொன்னதும் அம்மா பிடித்துக்கொண்டார்.

“அட்டமி நவமியில எதையாச்சும் தொடங்குவாகளா? தசமி வரட்டும்.”

“தசமிக்கு நெழல் கொறஞ்சிரும்மா!”

“ஒம் பள்ளம் எங்கிட்டும் ஓடிராது. தசமிக்கும் அங்கனதான் கெடக்கும்.”

அப்பாதான் சமாதானம் செய்தார். நவமியன்று சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, வாசலில் ஸ்டூல் போட்டுக் குழாயைக் கட்டினோம். நிலா உச்சியில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாக நின்றது. அப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கிணறு வெட்டுகிறவர் மட்டுமே கேட்கக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்டார்.

“ஏத்தா, இம்புட்டுப் பெரிய குழியா இருக்கே, எடுத்த கல்லை எங்க கொட்டுனாக?”

எனக்குப் பதில் தெரியும். ஆனால் நான் வாய் திறப்பதற்குள் அவரே கண்டுபிடித்துவிட்டார்.

“கரையைச் சுத்தி ஒண்ணுபோல வட்டமாக் கெடக்கு பாரு. மனுசன் வெட்டுனா ஒரு பக்கந்தான் குமிப்பான். இது மேல இருந்து விழுந்த அடி. ஒரே அடி.”

விண்கல் மோதிப் பள்ளம் உண்டாவதைப் பாடத்தில் இரண்டு பக்கத்துக்குச் சொல்லியிருந்தார்கள்.

அடுத்த வாரம் பள்ளிக் கம்ப்யூட்டரில் நிலாவின் பள்ளங்களுக்கு என்னென்ன பெயர் என்ற பட்டியலைப் பார்த்தேன். நாங்கள் பார்த்த பெரிய பள்ளத்துக்குள்ளேயே சின்னச் சின்னதாகச் சில பள்ளங்கள். அதில் ஒன்றுக்கு அப்பாவின் பெயர்! இரண்டெழுத்தும் அப்படியே. பக்கத்துக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கும் பொறுமை எனக்கு ஏது? மணி அடித்ததும் ஓடினேன். அப்பா வால்வு மூடிக்கொண்டிருந்தார். “அப்பா, நிலாவுல ஒங்க பேரு வச்சிருக்காங்க!” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். அவருக்குக் காது மந்தம், வேறு எப்படிச் சொல்வது? தெருவுக்கே கேட்டும் விட்டது.

மறுநாள் டீக்கடையில் அதே பேச்சு. அந்த மாதம் எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, தன் மகளுக்குக் காது குத்தினார். மண்டபத்து வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு ஃபிளக்ஸ் போர்டு. முழு நிலாவுக்கு நடுவே அப்பாவின் படம். கீழே: ‘நிலவிலே பெயர் பொறித்த எங்கள் மச்சான் அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்.’ அப்பா அதைப் பார்த்து வெட்கப்பட்டு, பின்வாசல் வழியாகப் பந்திக்குப் போனார். ஆனால் அன்றைக்கு அவர் சட்டையை இரண்டு முறை இழுத்துவிட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

கல்லூரிக்குப் போன பிறகுதான் அந்தப் பக்கத்துக் கட்டத்தைப் படித்தேன். ‘இந்திய ஆண் பெயர்.’ அவ்வளவே. நிலாவின் பெரிய பள்ளங்களுக்கு அறிஞர்களின் பெயரை வைப்பார்கள். அவர்கள் இறந்து சில ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. விண்கலங்கள் எடுத்த படங்களைக் கொண்டு நுணுக்கமான வரைபடம் போட்டபோது, சின்னப் பள்ளங்களைக் குறிப்பிடவும் ஏதாவது பெயர் தேவைப்பட்டது. அதற்குப் பல நாடுகளில் சாதாரணமாக வழங்கும் பெயர்களை எடுத்து வைத்திருக்கிறார்கள். எந்த ஆளையும் நினைத்து வைத்ததல்ல. யாருடைய பெயரும் அல்ல.

எப்படிச் சொல்வது? ஃபிளக்ஸ் போர்டைக் கழற்றி மாமா எங்கள் மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போட்டிருந்தார். தினம் காலையில் அப்பா அந்த நிலாவுக்குக் கீழே உட்கார்ந்துதான் பால் கறந்தார். சொல்லாமலே வருடங்களைக் கடத்தினேன்.

நுரையீரலில் பாறைத் தூசி தங்கியிருக்கிறது என்று மருத்துவர் சொன்னது போன வருடத்துக்கு முந்தைய வருடம். புதுக்கோட்டையில் மருத்துவமனையில் சேர்த்தோம். படிவத்தில் எழுதுவதற்குக் கணவர் பெயரைக் கேட்டால் அம்மா ரேஷன் கார்டை நீட்டுவார், இல்லாவிட்டால் என்னைப் பார்ப்பார். திருமணமான நாளிலிருந்து அம்மா அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. அந்தப் பெயருள்ள பக்கத்து வீட்டுப் பையனைக்கூட ‘ஏப்பா’ என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாள் நர்ஸ் அக்கா, “பேரைச் சொன்னா சாமி குத்தமாயிருமாம்மா?” என்று கேலி செய்தார். “ஒங்களுக்குக் கல்யாணம் ஆகட்டும், பேசிக்கிருவோம்” என்றார் அம்மா. “எனக்கு ரெண்டு புள்ளைக இருக்குங்கம்மா” என்று அந்த அக்கா சிரித்ததில் அப்பாவுக்கும் சிரிப்பு வந்து, இருமலில் முடிந்தது.

அன்று சாயங்காலம் அப்பா தெம்பாக இருந்தார். படபடவென்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுதும் விட்டேன்.

“அப்ப செத்தவுகளுக்குத்தான் வைப்பாகளா?”

“பெரிய பள்ளத்துக்குப்பா.”

“நான் உசுரோட இருக்குறப்பவே போர்டு வச்சிட்டானே ஒம் மாமன்! வெவரமில்லாத பய.”

கொஞ்ச நேரம் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

“இத்தன கெணறு வெட்டிருக்கேன். ஒண்ணுலயும் எம் பேரு இல்ல. எல்லாம் காட்டுக்காரவுக பேருதான். நான் வெட்டாத கெணத்துல எம் பேரு கெடக்கு. அதுக்கு ஏன் அழுகுற? ஆனா ஊருக்குச் சொன்னது தப்பு. அதை மாத்திச் சொல்லிரு. வேற எந்த ஊர்லயோ இதே பேருக்காரன் மகளும் அவ அப்பன்கிட்ட ஓடிப் போயிச் சொல்லியிருப்பால்ல? அவனுக்கும் பங்கு இருக்கு.”

சொல்கிறேன் என்றேன். இதோ, எழுதிவிட்டேன் அப்பா.

கடைசிப் பதினைந்து நாட்கள் வீட்டில்தான் இருந்தார். ஆக்சிஜன் உருளையைத் தூக்கி வந்து, தீரத் தீர மாற்றிக் கொடுத்த ஆம்புலன்ஸ் ஓட்டுநர் அண்ணனுக்கு நன்றி. வார்டு மாறிப் போன பிறகும் எங்களைத் தேடி வந்து பார்த்த நர்ஸ் அக்காவுக்கு நன்றி. அப்பா படுத்திருந்த நாட்களில் கூலி கேட்காமல் முறை வைத்து வால்வு திறந்த தெருக்காரர்களே, உங்களுக்குக் கடைசித் தெருவின் பெயரால் நன்றி. காலையில் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் அப்பா கண்ணைத் திறப்பார். அந்தச் சத்தம் ஒரு நாளும் தவறாமல் கேட்டது உங்களால்தான். கொட்டகைக் கூரையை இன்னும் மாற்றாத மாமாவுக்கும் நன்றி. அது இருக்கட்டும், நிலா நன்றாகத்தான் இருக்கிறது.

வளர்பிறை நவமியன்று காலையில் அப்பா எங்களை விட்டுப் பிரிந்தார்.

இந்த மலர் தயாரானபோது, அட்டையில் ‘நிலவில் பெயர் பொறித்தவர்’ என்று போட வேண்டும் என்று பெரியப்பா சொன்னார். நான் முடியாது என்றேன். போன மாதம் நவமியன்று சாயங்காலம் வாசலில் வாக்குவாதமே ஆகிவிட்டது.

“ஒங்கப்பனுக்குன்னு இருந்தது அந்த ஒரு பெருமை. அதையும் புடுங்கப் போறியா?”

“அப்பாதான் பெரியப்பா சொல்லச் சொன்னாரு. அது யாரு பேரும் இல்ல.”

“யாரு பேரும் இல்லாம எப்புடிப் பேரு இருக்கும்?”

நாங்கள் சத்தம் போட்டுக்கொண்டிருக்க, அம்மா எழுந்து வந்தார். ஸ்டூலில் நான் கட்டி வைத்திருந்த தொலைநோக்கிக் குழாய்க்கு முன் குனிந்து, அப்பாவைப் போலவே ஒரு கண்ணை மூடிக்கொண்டார். எட்டு வருடத்தில் அவர் அதில் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. பார்த்துக்கொண்டே கேட்டார்:

“இதுல ரவி எங்கிட்டு இருக்கு?”

பெரியப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டார், திரும்ப எடுத்தார். நான் பக்கத்தில் குனிந்து சொன்னேன்: “நடுவுல பெரிய வட்டம் தெரியுதுல்லம்மா, அதுக்குள்ள. ரொம்பச் சின்னது, இந்தக் குழாயில தெரியாது.”

அம்மா கண்ணை எடுக்கவில்லை.

“உள்ளதை உள்ளபடியே எழுது” என்றார். “யாரு பேரும் இல்லைன்னாத்தானே நான் கூப்புட முடியும்.”

பெரியப்பா அதற்குப் பிறகு அட்டையைப் பற்றிப் பேசவில்லை.

அப்பாவின் திதி எந்த வருடம் எந்தத் தேதியில் வந்தாலும், வளர்பிறை நவமியில்தான் வரும். ஏறத்தாழ அந்த நாளில்தான் அந்தப் பள்ளத்தில் வெயில் ஏறத் தொடங்குகிறது. இது யாரும் திட்டமிட்டதல்ல, பெயரைப் போலவே. இன்றும் நவமி. சாப்பிட்டதும் பஸ்ஸுக்கு ஓடாதீர்கள். வெயில் தாழ வாசலில் குழாயைக் கட்டுவோம், எல்லோரும் வரிசையாகப் பார்க்கலாம். முதலில் அம்மா பார்ப்பார். அப்போது கொஞ்சம் சத்தம் போடாமல் நில்லுங்கள். அவர் மெதுவாகத்தான் கூப்பிடுகிறார்.

மகள்