மகள் செய்த தறி

சூலூரில் எங்கள் வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கூடம். சனிக்கிழமை பத்து மணிக்கு மகளுக்கு ஆன்லைனில் கோடிங் வகுப்பு. ஏழாவது படிக்கிறாள். அந்த ஒரு மணி நேரம் தறிகளை நிறுத்திவிடுவேன்.

நான் ஐந்தாவதோடு நின்றவன். அவள் எழுதுவது எதுவும் எனக்குப் புரியாது. ஆனால் நாலு வாரமாக அவள் ஒரு தறி செய்துகொண்டிருந்தது தெரியும். திரையில் குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு நாடா இங்கும் அங்கும் ஓடும். நூல் அறுந்தால் தறி நின்று சிவப்பு விளக்கு எரியும். முதலில் நூல் அறுந்த பின்னும் ஓடியது. கூடத்துக்கு வந்து, தறி எப்படி நிற்கிறது என்று குனிந்து பார்த்துவிட்டுப் போய்த் திருத்தினாள்.

பிள்ளைகள் செய்ததைப் பெற்றோருக்குக் காட்டும் நாள் வந்தது. சட்டை மாற்றிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் பிள்ளை காட்டியது, குரங்கு பழம் பிடிக்கும் விளையாட்டு. அடுத்த பிள்ளையும் அதே குரங்கு. மூன்றாவதும். ஒவ்வொரு முறையும் வாத்தியார், "முழுக்க முழுக்கக் குழந்தையே செஞ்சது" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

மகள் தறியைத் திறந்தாள்.

"அது வேண்டாம்மா. நேத்து நான் அனுப்பின குரங்கு லிங்க்கைத் திற."

"சார், இது நானே செஞ்சதுங்க."

"எல்லாரும் ஒரே மாதிரி காட்டினாத்தான் நல்லா இருக்கும்."

அவள் என்னைப் பார்த்தாள். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. பள்ளிக்கூடக் கூட்டத்தில்கூடப் பின்னால் நின்றுவிட்டு வந்துவிடுவேன். அன்று காதெல்லாம் சூடேறிவிட்டது.

"ஏனுங்க, பொய் சொல்லிக் குடுக்கவா வகுப்புங்க? அந்தக் குரங்கு உங்களுதுங்க. எம்புள்ள செஞ்சதைப் பாருங்க!"

தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. திரையில் ஒருவர் காதைப் பொத்தினார். வாத்தியார் எங்கள் மைக்கை அணைத்தார். தெரியாமல் கத்திக்கொண்டே இருந்தேன்.

"அப்பா, அவிங்களுக்குக் கேக்காது. திட்டறப்பக்கூட இத்தனை மரியாதை குடுத்தா யாரு பயப்படுவாங்க?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுத வழி உண்டா என்று கேட்டேன். ஓரத்தில் ஒரு பெட்டியைத் திறந்து கொடுத்தாள். ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி எழுதினேன்: "குரங்கு வாத்தியார் செய்தது. தறி என் மகள் செய்தது."

அதைப் படித்த ஒரு தாய் தன் மகனிடம் திரும்பி ஏதோ கேட்டார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். அதற்குள் எங்களை வகுப்பை விட்டு வெளியே தள்ளிவிட்டார்கள்.

"யாருமே பாக்கலியேப்பா" என்றாள் மகள்.

மத்தியானம் போனுக்குச் சான்றிதழ் வந்தது. சிறந்த படைப்பாம். மகள் பெயருக்குக் கீழே பல்லைக் காட்டிக்கொண்டு அந்தக் குரங்கு.

மகள் என் கையிலிருந்து போனை வாங்கி, என்னைக் கேட்காமலே சான்றிதழை அழித்தாள்.